ஆங்கில எளிய நிகழ்காலமும் தமிழின் ‘செய்யும்’ வடிவமும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிப் பணிமொழியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் எளிய நிகழ்காலம் எனப்படும் வினைவடிவம், பெயரளவில் நிகழ்காலமாயினும், பெரும்பாலும் இந்நொடியில் நிகழும் செயலைச் சுட்டுவதில்லை. வழக்கம், இயல்பு, பொதுவுண்மை, முன்னரே வரையறுக்கப்பட்ட ஒழுங்கு ஆகியவற்றையே அது சுட்டுகிறது. இப்பொருள்களைத் தமிழ் ‘செய்யும்’, ‘செய்வார்’ என்னும் வடிவங்களாலும் ‘செய்கிறது’ என்னும் வடிவத்தாலும் உணர்த்துகிறது. பள்ளி இலக்கணம் முன்னவற்றை எதிர்காலம் என்றும் பின்னதை நிகழ்காலம் என்றும் மட்டுமே பெயரிடுவதால், தமிழ்வழி கற்றோர் ஒன்றை ‘வில்’ சேர்த்தும் மற்றொன்றை ‘இஸ்... இங்’ சேர்த்தும் பெயர்க்கின்றனர். இரண்டிற்கும் இடையில் எளிய நிகழ்காலம் விடுபட்டுப்போகிறது. இவ்விடுபாடு ஆலைகளின் பணிப்பதிவேடுகளிலும் எச்சரிக்கை வாசகங்களிலும் எத்தகைய பொருள் மாற்றத்தை விளைவிக்கக்கூடும் என்பதையும், தமிழ் இலக்கண மரபைக் கொண்டே அதனைக் களையும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எளிய நிகழ்காலம், தொடர் நிகழ்காலம், செய்யும் என்னும் முற்று, கால இடைநிலை, பணிமொழி, ஒப்பிலக்கணம், இரண்டாம் மொழி கற்பித்தல்.

முன்னுரை

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவர் முதலில் சந்திக்கும் பாடங்களுள் ஒன்று எளிய நிகழ்காலம். வடிவ அளவில் அது மிக எளியது. வினையடி அப்படியே நிற்கும். படர்க்கை ஒருமையில் மட்டும் ஓர் ‘எஸ்’ சேரும். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்றவரும் பேச்சிலும் எழுத்திலும் இவ்வடிவைத் தவிர்த்து, ‘ஐ ஆம் நோயிங்’ என்றும் ‘ஹி வில் கம் டெய்லி’ என்றும் எழுதுவதைக் கல்லூரி ஆசிரியர்கள் நன்கறிவர். இதனைக் கவனக்குறைவு என்றோ பயிற்சிக் குறைவு என்றோ கொள்வது பொதுவான வழக்கம். இப்பிழைகள் தாறுமாறாக அமைவன அல்ல. தமிழின் கால அமைப்பு வகுத்த தடத்திலேயே அமைகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இக்கருதுகோளை விளக்குவதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பகுதி களமாகக் கொள்ளப்படுகிறது. அங்கு வினைவடிவத் தேர்வு தேர்வுத்தாள் மதிப்பெண்ணோடு முடிவதில்லை. ஓர் இயந்திரத்தின் நிலையை அடுத்த ஷிப்டுக்கு அறிவிக்கும் வாக்கியத்திலும் அது இடம்பெறுகிறது. கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் விளக்கத்திற்காகக் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை. எந்தக் குறிப்பிட்ட ஆலையின் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

1. தொழிற்பகுதியும் அதன் மொழிச்சூழலும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. 1971இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகமாகிய சிப்காட், கும்மிடிப்பூண்டியிலும் அவ்வட்டத்தைச் சேர்ந்த தேர்வாய் கண்டிகையிலும் தொழில் வளாகங்களை அமைத்துள்ளது. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிறுதொழிற்பேட்டை உள்ளது. அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையமும், எண்ணூரில் 2001இல் இயங்கத் தொடங்கிய துறைமுகமும் உள்ளன. உருக்காலைகள், வேதிப்பொருள் ஆலைகள், பொறியியல் பொருள் ஆலைகள் எனப் பலவகை ஆலைகள் இப்பகுதியில் இயங்குகின்றன.

மொழிநிலையில் இது ஓர் எல்லைப்பகுதி. மாவட்டத்தின் வடக்கே ஆந்திரப் பிரதேசம் உள்ளது. திருத்தணிப் பகுதி 1960இல்தான் எல்லைச் சீரமைப்பின்வழிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆதலால் தமிழும் தெலுங்கும் இங்கு நெடுங்காலமாக அருகருகே வழங்குகின்றன. அண்மைப் பதிற்றாண்டுகளில் வட, கீழை மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களால் இந்தியும் ஒடியாவும் ஆலைத்தளத்தில் ஒலிக்கின்றன. இயந்திரக் கையேடு, பணி அனுமதிச் சீட்டு, ‘லாக் புக்’ எனப்படும் பணிப்பதிவேடு ஆகியவற்றில் ஆங்கிலம் பரவலாக வழங்குகிறது. பேச்சு நான்கு மொழிகளில் நிகழ, பதிவு ஐந்தாவது மொழியில் அமைகிறது எனலாம்.

இவ்விரட்டை நிலையைச் சட்டமும் கருத்தில் கொண்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலையில் வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. அறிவிப்பு இரு மொழிகளிலும் ஒரே பொருளைத் தருகிறதா என்பதைச் சட்டத்தால் உறுதிசெய்ய இயலாது. அது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. மொழி ஆசிரியரின் பொறுப்பும் ஆகும்.

2. எளிய நிகழ்காலம் சுட்டும் பொருள்கள்

ஆங்கில எளிய நிகழ்காலத்தின் முதன்மையான பயன்பாடுகளை ஆலைச்சூழலில் வைத்துப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ. வழக்கம்: ‘ஹி செக்ஸ் தி கேஜ் எவ்ரி அவர்.’ மணிக்கொரு முறை அழுத்தமானியைப் பார்ப்பது அவர் வழக்கம் என்பது பொருள். இப்போது அவர் உணவருந்திக்கொண்டிருந்தாலும் இவ்வாக்கியம் உண்மையே.

ஆ. இயல்பு அல்லது பண்பு: ‘திஸ் ஆசிட் பர்ன்ஸ் தி ஸ்கின்.’ அமிலம் மூடிய கலத்துள் இருக்கும்போதும் இவ்வாக்கியம் உண்மை.

இ. அமைப்பின் செயல்முறை: ‘தி மோட்டார் ஸ்டாப்ஸ் அட் எய்ட்டி டிகிரீஸ்.’ எண்பது பாகை வெப்பத்தில் நின்றுவிடுமாறு மோட்டார் அமைக்கப்பட்டுள்ளது என்பது பொருள். இன்று வெப்பம் எண்பதை எட்டும் என்று இது முன்னுரைக்கவில்லை.

ஈ. கால அட்டவணை: ‘தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்.’ கும்மிடிப்பூண்டியிலிருந்து புறப்படும் புறநகர் வண்டியின் நேரம் அட்டவணையில் வரையறுக்கப்பட்டிருப்பதால், எதிர்கால நிகழ்வையும் எளிய நிகழ்காலத்தால் கூற இயல்கிறது.

உ. மனநிலை, உடைமை, இருப்பு: அறிதல், விரும்புதல், உடைத்தாதல், தேவைப்படுதல் போன்ற நிலைவினைகள் இப்போதைய நிலையைச் சுட்டும்போதும் எளிய நிகழ்காலத்திலேயே பெரும்பாலும் வரும்.

ஊ. காலம், நிபந்தனை சுட்டும் துணைவாக்கியம்: ‘வென் தி டேங்க் ஃபில்ஸ், க்ளோஸ் தி வால்வ்.’ தொட்டி இனிமேல்தான் நிரம்பவேண்டும். ஆயினும் துணைவாக்கியத்தில் ‘வில்’ வருவதில்லை.

இவற்றுள் முதல் நான்கிலும் ஆறாவதிலும் ‘இந்நொடியில் நிகழ்கிறது’ என்னும் பொருள் இல்லை. நிகழும் செயலைக் கண்முன் காட்டுவதற்கு ஆங்கிலம் தொடர் நிகழ்காலத்தைப் பயன்படுத்துகிறது. நேர்முக விளையாட்டு வருணனை, கதையுரை முதலிய சிறப்புப் பயன்பாடுகள் இங்கு ஒதுக்கப்படுகின்றன.

3. தமிழ் இலக்கண மரபில் நிகழ்காலமும் ‘செய்யும்’ வடிவமும்

தமிழ் மரபு காலத்தை மூன்றாக வகுக்கிறது. நன்னூல் நிகழ்கால இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு ஆகியவற்றையும், எதிர்கால இடைநிலைகளாகப் பகர வகர மெய்களையும் குறிப்பிடுகிறது. இப்பகுப்பே பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. மாணவர் மனத்தில் ‘கிற என்றால் நிகழ்காலம், வ், ப் என்றால் எதிர்காலம்’ என்னும் சமன்பாடு இதனால் நிலைபெறுகிறது.

மரபிலக்கணங்களின் பார்வை இச்சமன்பாட்டைக் காட்டிலும் விரிவானது. மூன்று காலத்திலும் ஒரே தன்மையாக இயங்கும் பொருள்களை எவ்வாறு சொல்வது என்னும் வினாவைத் தொல்காப்பியர் வினையியலில் எழுப்பிக்கொள்கிறார். நிகழ்காலத்தை உணர்த்தும் பொதுச்சொல்லாகிய ‘செய்யும்’ என்பதனாற் கூறவேண்டும் என்பதை உரையாசிரியர்கள் அந்நூற்பாவின் கருத்தாகக் கொண்டனர். மலையின் நிலைபேற்றையும் ஆற்றின் ஓட்டத்தையும் சான்றாகக் காட்டுவது உரைமரபு. நன்னூலாரும் முக்காலத்தும் ஒத்தியலும் பொருளை நிகழ்காலத்தாற் கூறுக என விதித்தார். ‘செய்யும்’ என்னும் வாய்பாடு நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் உரியது என்பதையும் அவர் தனியே சுட்டினார்.

இவ்விதிகள் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. முதலாவது, பொதுவுண்மை என்பது மூன்று காலங்களுள் எதிலும் முழுமையாக அடங்காத ஒரு தனிப்பொருள் என்பதைத் தமிழ் இலக்கணிகள் தெளிவாக உணர்ந்திருந்தனர். இரண்டாவது, அப்பொருளை உணர்த்தத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. ‘நீர் நூறு பாகையில் கொதிக்கும்’ என்பதும் ‘நீர் நூறு பாகையில் கொதிக்கிறது’ என்பதும் இன்றைய தமிழில் வழுவற்றவை.

வரலாற்று நோக்கில் இதற்குக் காரணம் உண்டு. கின்று, கிறு முதலிய நிகழ்கால இடைநிலைகள் சங்க இலக்கியத்தில் அரியன, பிற்காலத்தே பெருகியவை. பழந்தமிழ் வினை பெரும்பாலும் இறந்தது, இறவாதது என்னும் இருமுனைப் பாகுபாட்டில் இயங்கியது. தனி நிகழ்கால வடிவம் வேரூன்றிய பின்னரும் வழக்கம், இயல்பு ஆகிய பொருள்களைப் பழைய இறவாக்கால வடிவம் கைவிடவில்லை. திராவிட எதிர்கால வடிவம் வழக்கச் செயலையும் குறிக்கும் தன்மையுடையது என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலேயே எடுத்துரைத்துள்ளார்.

ஆகவே, ‘எதிர்காலம்’ என்று பெயர்பெற்ற தமிழ் வடிவத்திற்கும் ‘நிகழ்காலம்’ என்று பெயர்பெற்ற ஆங்கில வடிவத்திற்கும் பொருளளவில் நெருங்கிய உறவு உண்டு. பெயர்களே கற்போரைத் திசைதிருப்புகின்றன.

4. இரு வடிவங்களுக்கிடையே விடுபடும் வடிவம்

பின்வரும் இரு தமிழ் வாக்கியங்களை நோக்குக.

‘வால்வு கசிகிறது.’
‘வால்வு கசியும்.’

முதலாவது வாக்கியம் இருபொருள் தருவது. இப்போது கசிந்துகொண்டிருக்கிறது என்றும், அடிக்கடி கசியும் தன்மையது என்றும் கொள்ளலாம். தமிழ்வழி கற்றவர் இதனைப் பெரும்பாலும் ‘தி வால்வ் இஸ் லீக்கிங்’ என்றே பெயர்ப்பார். இரண்டாவது வாக்கியமும் இருபொருள் தருவதே. அதன் இயல்பு அது என்றும், இனிமேல் கசியும் என்றும் கொள்ளலாம். இதனை அவர் ‘தி வால்வ் வில் லீக்’ என்று பெயர்ப்பார். இரு வாக்கியங்களுக்கும் பொதுவான வழக்கப்பொருளைச் சுட்டும் ‘தி வால்வ் லீக்ஸ்’ என்னும் வாக்கியம் எழுதப்படுவதேயில்லை.

இதன் விளைவை ஒரு பணிப்பதிவேட்டில் பொருத்திப் பார்க்கலாம். அழுத்தம் கூடும்போதெல்லாம் கசியும் ஒரு வால்வைப் பற்றி முதல் ஷிப்டுப் பணியாளர் ‘இஸ் லீக்கிங்’ என்று எழுதிச் செல்கிறார் எனக் கொள்வோம். அடுத்த ஷிப்டில் வரும் பொறியாளர் சென்று பார்க்கும்போது கசிவு இல்லை. எழுதப்பட்டது ஒரு தற்காலிக நிகழ்வு என்றும் அது முடிந்துவிட்டது என்றும் அவர் கொள்வது இயல்பு. குறிப்பு மூடப்படும், வால்வு மாற்றப்படாது. ‘லீக்ஸ்’ என்று எழுதப்பட்டிருந்தால், அப்போது கசிவு இல்லாமையே குறிப்பை மூடப் போதுமான காரணமாகாது. அழுத்தம் எவ்வளவு உயரும்போது கசிகிறது என்னும் வினாவை அச்சொல்லே எழுப்பியிருக்கும். நிகழ்வைச் சுட்டும் வாக்கியம் உடனடி நடவடிக்கையைக் கோருகிறது. இயல்பைச் சுட்டும் வாக்கியம் காரணத்தைத் தேடச் சொல்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நின்றால், பழுது கண்டறிந்தவரின் அறிவு பதிவேட்டிலேயே தேங்கிவிடும்.

‘வில்’ சேர்த்தெழுதுவதும் இத்தகையதே. ‘எண்பது பாகையில் மோட்டார் நின்றுவிடும்’ என்பதைத் தமிழர் ஒருவர் கேட்டால் அது பாதுகாப்பு அமைப்பின் இயல்பு என்றே கொள்வார். ஆங்கிலத்திலும் ‘வில்’ இயல்புப்பொருளில் வருவதுண்டு; எனினும் சூழல் அறியாத வாசகர் அதனை முன்னறிவிப்பாகவோ எச்சரிக்கையாகவோ கொள்ள இடமுண்டு. ‘அவர் தினமும் ஆறு மணிக்கு வருவார்’ என்பதனை ‘ஹி வில் கம்’ என்று எழுதினால், இனித் தொடங்கவிருக்கும் ஏற்பாடு என்றும் பொருள்படும். நெடுநாளாக வந்துகொண்டிருப்பவர் என்பது தெளிவாவதில்லை.

படர்க்கை ஒருமை ‘எஸ்’ விடுபடுவதற்கும் இங்கு ஒரு விளக்கம் உண்டு. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் ஆகியவற்றை விகுதியால் காட்டுவது. அத்தகைய மொழியைப் பேசுவோர் ஆங்கிலத்தின் ஒரே ஒரு விகுதியை ஏன் விடுகின்றனர் என்னும் ஐயம் எழலாம். இயல்புப்பொருளுக்கு இணையான ‘செய்யும்’ என்னும் முற்று அஃறிணையில் ஒருமை பன்மை வேறுபாடு காட்டுவதில்லை. ‘வால்வு கசியும்’, ‘வால்வுகள் கசியும்’ என இரண்டிலும் வினை ஒன்றே. ஆலைமொழியின் எழுவாய்கள் பெரும்பாலும் அஃறிணைப் பெயர்கள் ஆதலின், வினையில் எண்ணைக் காட்டவேண்டும் என்னும் உணர்வு எழாமல் போகிறது.

5. தெரியும், புரியும், வேண்டும்: நிலைவினைகளின் இணைவு

‘ஐ ஆம் நோயிங் வெல்டிங்’ என்பது நேர்காணல்களில் கேட்கப்படும் வகைத் தொடர். இத்தொடரைக் கேட்பவர் பேசுபவரின் பற்றவைப்புத் திறனை ஐயுறுவதற்கு இலக்கண நியாயம் ஏதுமில்லை. ஆயினும் வேலைவாய்ப்பில் மொழி ஒரு சல்லடையாகப் பயன்படும்போது கைத்திறனுக்குரிய மதிப்பு வினைவடிவத்தால் குறைகிறது.

இப்பிழையைத் தவிர்க்கும் வழி மாணவரின் தாய்மொழியிலேயே உள்ளது. ஆங்கில நிலைவினைகளுக்கு இணையான தமிழ்ச் சொற்களைத் தொகுத்தால் பின்வரும் ஒழுங்கு புலப்படும். அறிதலுக்குத் ‘தெரியும்’; விளங்குதலுக்குப் ‘புரியும்’; விரும்புதலுக்குப் ‘பிடிக்கும்’; தேவைக்கு ‘வேண்டும்’; நிறைவுக்குப் ‘போதும்’. இவையனைத்தும் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டின. ‘எனக்குப் பற்றவைப்புத் தெரியும்’ என்று கூறுபவர் எதிர்காலத்தைக் கருதுவதில்லை; ‘தெரிந்துகொண்டிருக்கிறது’ என்றும் கூறுவதில்லை. ஆங்கிலம் தொடர் வடிவை மறுக்கும் இடத்தில் தமிழும் பெரும்பாலும் ‘கொண்டிரு’ என்னும் துணைவினையை மறுக்கிறது. இவ்வினைகளை நீண்ட பட்டியலாக மனப்பாடம் செய்விப்பதைவிட, தமிழில் ‘கொண்டிருக்கிறேன்’ என்று கூற இயலுமா என்று சோதிக்கச் செய்வது எளிது.

6. எதிர்மறையும் நிபந்தனையும்

எதிர்மறையில் தமிழின் பாகுபாடு உடன்பாட்டைக் காட்டிலும் கூர்மையானது. ‘மோட்டார் ஓடவில்லை’ என்பது நிகழ்வைச் சுட்டுகிறது. ஓடாத அந்நேர நிலையையோ, ஓடாது போன முன்னைய நிலையையோ அது குறிக்கும். ‘மோட்டார் ஓடாது’ என்பது இயல்பையோ எதிர்வையோ குறிக்கும். ‘மோட்டார் இரவில் ஓடுவதில்லை’ என்பது வழக்கத்தை மட்டுமே குறிக்கும். இம்மூன்றாவது வடிவமே ஆங்கிலத்தின் ‘டஸ் நாட் ரன்’ என்பதற்கு ஐயமின்றி இணையானது. உடன்பாட்டில் இதற்கு நேரான ‘ஓடுவதுண்டு’ என்னும் வடிவம் சிற்சில வேளைகளில் ஓடும் என்னும் குறைந்த பொருளுடையது. எனவே எதிர்மறையிலிருந்து தொடங்கி உடன்பாட்டிற்கு வருவது கற்பித்தலில் பயன்தரும்.

நிபந்தனை வாக்கியம் வேறொரு சிக்கலைக் கொண்டது. ‘தொட்டி நிரம்பினால் வால்வை மூடு’ என்பதில் ‘நிரம்பினால்’ என்னும் எச்சம் இறந்தகால அடியின்மேல் அமைந்தது. ‘நிரம்பியதும்’ என்பதும் அவ்வாறே. தமிழ், ஒரு செயல் முடிந்த பின்னரே மற்றொன்று நிகழும் என்னும் முறைவைப்பை இறந்தகால வடிவால் காட்டுகிறது. ஆங்கிலம் அதே இடத்தில் எளிய நிகழ்காலத்தை வைக்கிறது. இதனால் மாணவர் ‘இஃப் தி டேங்க் ஃபில்ட்’ என்றோ, பொருளை நோக்கி ‘இஃப் தி டேங்க் வில் ஃபில்’ என்றோ எழுதுகின்றனர். முதலாவது, நிகழ வாய்ப்புக் குறைந்த கற்பனை நிலையையோ கடந்தகால வழக்கத்தையோ குறிப்பதாக ஆங்கில வாசகர் கொள்வர். இயக்க வழிமுறைகளில் இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று.

7. எச்சரிக்கை வாசகங்களும் மொழிபெயர்ப்பும்

எளிய நிகழ்காலத்தின் தேவை ஆங்கிலம் எழுதுவதோடு முடிவதில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதிலும் அதனை உணர்தல் வேண்டும். வேதிப்பொருள்களின் தீங்கை உலகெங்கும் ஒரே முறையில் வகைப்படுத்திப் பெயரிடுவதற்காக ஐக்கிய நாடுகள் அவை உருவாக்கிய ஒத்திசைந்த முறைமை 2003 முதல் நூலாக வெளிவருகிறது. அதில் ஒவ்வொரு தீங்கிற்கும் எண்ணிட்ட வாசகம் உண்டு. எச் 314 என்னும் எண்ணுடையது, தோலில் கடும் எரிபுண்ணையும் கண்ணுக்குச் சேதத்தையும் விளைவிக்கும் பொருள்களுக்கு உரியது. அதன் வினை ‘காசஸ்’ என்னும் எளிய நிகழ்காலம். எச் 317 என்பது தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடிய பொருள்களுக்கு உரியது. அதன் வினை ‘மே காஸ்’.

‘காசஸ்’ என்பதனைத் தமிழில் ‘விளைவிக்கிறது’ என்றும் ‘விளைவிக்கும்’ என்றும் பெயர்க்கலாம். இரண்டும் இலக்கணப்படி வழுவற்றவை என்பதை முன்னர்க் கண்டோம். எனினும் எச்சரிக்கைக்கு ‘விளைவிக்கும்’ என்பதே தக்கது. ‘விளைவிக்கிறது’ என்பது எங்கோ நிகழ்வதைச் செய்தியாகக் கூறும் ஓசையுடையது. ‘விளைவிக்கும்’ என்பது பொருளின் இயல்பை உணர்த்துவதோடு, தொடுபவருக்கு இனி நேரவிருப்பதையும் ஒருசேர உணர்த்துகிறது. பழைய ‘செய்யும்’ வடிவின் இருமை இங்குக் குறையாகாமல் வலிமையாகிறது.

‘மே காஸ்’ என்பதனையும் ‘விளைவிக்கும்’ என்றே பெயர்த்தால் உறுதியான தீங்கும் வாய்ப்புள்ள தீங்கும் ஒன்றாகிவிடும். அதற்கு ‘விளைவிக்கக்கூடும்’ என்பதே உரியது. இரண்டு வாசகங்களும் ஒரே கலனில் ஒட்டப்படும்போது இவ்வேறுபாட்டைத் தமிழ் வாசகமும் காட்டவேண்டும்.

‘செய்யும்’ வடிவுக்கு ஓர் எல்லையும் உண்டு. ‘இரு’ என்னும் வினையோடு அது ஊகப்பொருள் தரும். ‘தொட்டியில் நச்சுவாயு இருக்கும்’ என்பது எப்போதும் இருக்கும் என்றும், இருக்கலாம் என நினைக்கிறேன் என்றும் பொருள்படும். தொட்டிக்குள் இறங்கவிருக்கும் தொழிலாளர் இதனை ஒருவரின் ஊகம் என்று கொண்டால் விளைவு உயிரிழப்பாகவும் அமையலாம். இவ்விடத்தில் ‘இத்தொட்டியில் எப்போதும் நச்சுவாயு உண்டு’ என்றோ, ‘நச்சுவாயு உள்ளது’ என்றோ எழுதுவது தெளிவு. காலங்காட்டாத குறிப்புவினை இங்குத் தெரிநிலை வினையைக் காட்டிலும் உறுதியுடையது.

8. அண்டை மொழிகளின் ஒளியில்

ஆலைத்தளத்தில் அருகருகே வழங்கும் பிற மொழிகள் இச்சிக்கலை மேலும் விளக்குகின்றன. தெலுங்கில் ‘வஸ்துன்னாடு’ என்பது வந்துகொண்டிருப்பதைக் குறிக்கும். ‘வஸ்தாடு’ என்பது வழக்கமாக வருவதையும் இனி வருவதையும் குறிக்கும். தமிழ்போலவே வழக்கமும் எதிர்வும் ஒரே வடிவில் அமைகின்றன. இந்தியில் ‘ஆதா ஹை’ என்பது வழக்கத்தையும், ‘ஆ ரஹா ஹை’ என்பது நிகழ்வையும் உணர்த்துகின்றன. எதிர்காலத்திற்குத் தனிவடிவம் உண்டு. ஆங்கிலத்தின் பாகுபாட்டிற்கு இந்தியின் பாகுபாடு நெருங்கியது.

மூவரும் ஒரே பதிவேட்டை நிரப்பும் இடத்தில், ஒரே ஆங்கில வாக்கியம் மூன்று வெவ்வேறு கால அமைப்புகளிலிருந்து எழுதப்பட்டும் வாசிக்கப்பட்டும் வருகிறது. எனவே இப்பகுதியின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் அனைவர்க்கும் ஒரே இலக்கணப் பயிற்சியை வழங்குவதைவிட, தாய்மொழிக்கேற்ற ஒப்பீட்டுப் பயிற்சியை வழங்குவது பொருத்தமானது.

9. கற்பித்தலுக்கான வழிமுறை

தமிழகத்தில் ஆங்கிலம் கற்பித்த முறைகளும் இச்சிக்கலோடு தொடர்புடையவை. 1950களின் பிற்பகுதியில் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர்பெற்ற ஆசிரியர் பயிற்சித் திட்டம், வாக்கிய அமைப்புகளை வரிசையாகக் கற்பிக்கும் முறையைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடையே பரப்பியது. செயலைச் செய்துகாட்டிக் கற்பிக்கும் வகுப்பறையில் ‘நான் நடந்துகொண்டிருக்கிறேன்’ என்பதை நடந்துகாட்டலாம்; வழக்கத்தையும் இயல்பையும் அவ்வாறு செய்துகாட்ட இயலாது. செய்துகாட்டத்தக்க தொடர் நிகழ்காலம் மாணவர் மனத்தில் முந்தி நிலைபெறுவதற்கு இதுவும் துணைநிற்கும். பின்னர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய இடங்களில் நடத்திய திட்டம், இலக்கணத்தை வரிசைப்படுத்தாமல், பொருளுணர்ந்து முடிவுகாணும் பணிகளின்வழி ஆங்கிலம் கற்பிக்க முயன்றது. கால அட்டவணையைப் படித்து விடைகாணும் பணி எளிய நிகழ்காலத்தின் இயல்பான களம் என்பது இங்கு நினையத்தக்கது.

இவ்விரு அனுபவங்களையும் தமிழ் இலக்கண அறிவையும் இணைத்து, பின்வரும் மாற்றுச்சோதனையை வகுப்பறைக்குப் பரிந்துரைக்கலாம்.

1. தமிழ் வாக்கியத்தின் வினை ‘கிறது’ என முடிந்தால், அதனைக் ‘கொண்டிருக்கிறது’ என மாற்றிப் பார்க்க வேண்டும். கருதிய பொருள் மாறாவிட்டால் ஆங்கிலத்தில் தொடர் நிகழ்காலம். ‘செய்யும்’ என மாற்றும்போதுதான் கருதிய பொருள் நிலைக்கிறது எனில் எளிய நிகழ்காலம்.

2. வினை ‘செய்யும்’, ‘செய்வார்’ என முடிந்தால், ‘வழக்கமாக’ அல்லது ‘எப்போதும்’ என்னும் சொல்லைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருந்தினால் எளிய நிகழ்காலம். ‘இனிமேல்’ என்பது மட்டுமே பொருந்தினால் ‘வில்’.

3. ஐயம் நீடித்தால் வாக்கியத்தை எதிர்மறையாக்க வேண்டும். ‘செய்வதில்லை’ என்பது இயல்பாக அமைந்தால் எளிய நிகழ்காலம். ‘செய்யவில்லை’ என்பது அமைந்தால் அது நிகழ்வு பற்றியது.

4. ‘ஆல்’, ‘உம்’ என முடியும் நிபந்தனை, கால எச்சங்கள் இனி நிகழ்வதைக் குறித்தால், தமிழ் அடி இறந்தகாலமாயினும் ஆங்கிலத்தில் எளிய நிகழ்காலம்.

இச்சோதனையின் பயன், மாணவர் தம் தாய்மொழியில் ஏற்கெனவே பிழையின்றிச் செய்யும் தெரிவைத் தாமே கண்டுகொள்வதில் உள்ளது. தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பாடத்தில் இணைந்து பணியாற்றவும் இது இடந்தருகிறது. ‘செய்யும்’ என்னும் முற்றினைத் தமிழ் வகுப்பில் பழைய வாய்பாடாக மட்டும் கற்பிக்காமல், இயல்பையும் வழக்கத்தையும் உணர்த்தும் உயிருள்ள வடிவமாகக் கற்பித்தால் ஆங்கில வகுப்பின் பாதிப்பணி அங்கேயே முடிந்துவிடும்.

முடிவுரை

* ஆங்கில எளிய நிகழ்காலம் பெரும்பாலும் வழக்கம், இயல்பு, ஒழுங்கு ஆகியவற்றைச் சுட்டுவது. இப்பொருள்களுக்குத் தமிழின் ‘செய்யும்’, ‘செய்வார்’ ஆகிய வடிவங்களே நெருங்கிய இணை.

* ‘கிற’ வடிவைத் தொடர் நிகழ்காலமாகவும் ‘செய்யும்’ வடிவை ‘வில்’ சேர்த்தும் பெயர்க்கும் பழக்கத்தால் எளிய நிகழ்காலம் விடுபடுகிறது. இது காலப்பெயர்களை நேருக்குநேர் ஒப்பிட்டதன் விளைவு.

* பணிப்பதிவேட்டில் இவ்விடுபாடு நிலையான பழுதைத் தற்காலிக நிகழ்வாகத் தோற்றுவிக்கக்கூடும். எச்சரிக்கை மொழிபெயர்ப்பில் உறுதியும் வாய்ப்பும் ஊகமும் ஒன்றோடொன்று மயங்கக்கூடும்.

* முக்காலத்தும் ஒத்தியலும் பொருள் பற்றிய தொல்காப்பிய, நன்னூற் கருத்துகள் இன்றைய இரண்டாம் மொழி கற்பித்தலுக்கு நேரடியாகப் பயன்படுவன.

* திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி போன்ற பன்மொழித் தொழிற்பகுதிகளில் ஒப்பிலக்கண அடிப்படையிலான பணிமொழிப் பயிற்சி தேவை. ஆலைப் பதிவேடுகளை உரிய இசைவோடு திரட்டி, தமிழ், தெலுங்கு, இந்தி பேசுவோரின் கால வடிவத் தெரிவுகளை ஒப்பிடுவது மேலாய்வுக்குரியது.